கம்பத்துக்குப் போன கன்னியாஸ்திரி

எங்கள் ஊரில் எல்லோரும் ஒயின் ஷாப் என்று சொல்கிற கடையில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். குடிக்கிற ஆண்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். குடிக்காத பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பதினெட்டு வருடம் சமூக அறிவியல் நடத்திய எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள என் நாற்பத்தைந்தாவது பிறந்தநாளைப் பலிகொடுத்தேன். அதுவும் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு.

எல்லாம் என் தங்கை ஆக்னஸால் வந்தது. (என்னால் வந்தது என்று என் கணவர் சொல்வார். இது என் கட்டுரை.)

ஆக்னஸ் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அந்த வருடம் மார்ச் மாதத்தில் அவளுக்கு நாற்பது வயது. அன்றைக்கு ஒரு போட்டோ போட்டாள். வானம் தொடும் வரைக்கும் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. நடுவில் இவள். வெள்ளைக் கவுன், அகலமான தொப்பி, கையில் சிவப்பு ஒயின். ஊரே லைக் போட்டது. நானும் போட்டேன். அப்போது என் இன்னொரு கையில் அப்பாவின் கஞ்சிக் கிண்ணம் இருந்தது.

அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருடமாகப் பக்கவாதத்தில் எங்கள் விளாங்குடி வீட்டில்தான் படுத்திருந்தார். வலது பக்கம் வராது. பேச்சு வரும், ஆனால் எந்த வருடத்தில் இருந்து வரும் என்று சொல்ல முடியாது. சில நாள் அம்மா உயிரோடு இருப்பார். சில நாள் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. ஒன்று மட்டும் மாறாது. தினம் ஒருமுறை கேட்பார்: "ஆக்னஸ் வாராளா?"

"வாராப்பா. வாயத் திறங்க."

இப்படி ஐந்து வருடம். பள்ளிக்கூடம், வீடு, கஞ்சி, மாத்திரை. முழுசாக ஒரு நாள் நான் வெளியே போனதில்லை. அந்த ஐப்பசியில் என் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. என் கணவரின் அக்கா பிலோமினா மதினி, "ஒரு நாளைக்கி நான் பாத்துக்கிறேன், எங்கயாச்சும் போயிட்டு வாங்க" என்று வலிய வந்து சொன்னார்.

"கீழக்குயில்குடிக்குப் போவமா?" என்றார் என் கணவர் செல்வராஜ். "மலையப் பாத்துட்டு, அப்படியே தாமரைக் குளத்தையும் பாத்துட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்துரலாம்."

ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் கிடைத்த பெண்ணிடம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிற குளத்தைக் காட்டுகிறேன் என்கிற மனிதரை என்ன சொல்ல?

"கம்பத்துக்குப் போறோம்" என்றேன். "திராட்சைத் தோட்டம். ஒயின் பண்ற இடம். கையில கிளாஸோட ஒரு போட்டோ. அம்புட்டுதான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குக் காரணம் உண்டு. என் கணவர் ஒரு காலத்தில் குடித்தவர். நன்றாகவே குடித்தவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் யாராவது பாட்டிலைத் திறந்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார். அந்த மனிதரைத்தான் நான் ஒயின் பார்க்கக் கூப்பிட்டேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. என் கண்ணுக்கு முன்னால் தங்கச்சியின் தொப்பி மட்டும்தான் இருந்தது.

கவுனை ஆன்லைனில் வாங்கினேன். வெள்ளை. முழுக்கை, மூடின கழுத்து (டீச்சர் அல்லவா), கணுக்கால் வரை. படத்தில் அதைப் போட்டிருந்த பெண் பனைமரம் மாதிரி இருந்தாள். நான் ஐந்தடி. பரவையில் தையல்காரரிடம் கொடுத்து கீழே ஒரு சாண் வெட்டச் சொன்னேன். அவர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "கோயில்ல நாடகமா டீச்சர்? சம்மனசு வேஷமா? றெக்கை எங்க?" என்றார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் காரை எடுத்தோம். உசிலம்பட்டி தாண்டுவதற்குள் பிலோமினா மதினி மூன்று முறை போன் செய்துவிட்டார்.

"அப்பா வாயத் திறக்க மாட்டேங்குறாரும்மா."

"மூக்கப் பிடிக்காதீங்க மதினி. கதை சொல்லிக்கிட்டே குடுங்க."

"என்ன கதை?"

"ரயில் கதை ஏதாச்சும்."

"எனக்கு ரயிலப் பத்தி என்னம்மா தெரியும்?"

ஆண்டிபட்டிக் கணவாயில் தூறல் பிடித்தது. தேனியில் நின்றது. சின்னமனூரில் மறுபடி பிடித்தது. மூன்று நாளாக அந்தப் பக்கம் நல்ல மழையாம். நான் கண்ணாடியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

கம்பத்தைத் தாண்டி ஒரு கிளைச்சாலையில் முதல் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் பார்த்தால் எனக்கு அழுகை வந்தது. வரிசையும் இல்லை, வானமும் இல்லை. நம் ஊரில் திராட்சையைப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். கல்லுக்கால் நட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்து, கொடியை அதன்மேல் படரவிட்டிருந்தார்கள். உள்ளே போனால் இருட்டு. நிமிர்ந்து நடந்தால் தலையில் கம்பி. பாடப்புத்தகத்தில் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை பற்றி நானே நடத்தியிருக்கிறேன். பந்தலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

நான் உள்ளே நுழைந்ததும் கம்பி என் தொப்பியைப் பிடித்துக்கொண்டது. நான் போய்விட்டேன், அது அங்கேயே நின்றுவிட்டது.

பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயது இருக்கும். தலையில் துண்டு, முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க சிஸ்டர்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சிஸ்டர் யாரும் இல்லை. பிறகு குனிந்து என்னைப் பார்த்தேன். கணுக்கால் வரை வெள்ளை. முழுக்கை. மூடின கழுத்து. கழுத்தில் நான் எப்போதும் போடுகிற மரச்சிலுவை. தாலிச் சங்கிலி கவுனுக்குள்ளே. (தையல்காரர் சம்மனசு என்றார். இவர் ஒரு படி இறக்கினார்.)

"ஐயா, இவங்க வந்து..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"டிரைவர் தம்பி, நீங்க இப்படி நிழல்ல நில்லுங்க" என்றார் பெரியவர். என்னிடம் திரும்பினார். "நாங்க வேதக்காரங்க இல்ல சிஸ்டர். ஆனா மாதா கோயிலுக்கு வருசா வருசம் மெழுகுதிரி ஏத்துவோம். இன்னைக்கி காலைலதான் சாமியெல்லாம் நம்மளக் கைவிட்டுருச்சேன்னு வீட்டுல சொல்லிக்கிட்டிருந்தா. நீங்க வந்து நிக்கிறீங்க."

பேசிக்கொண்டே ஒரு குலையைக் கையால் ஏந்திக் காட்டினார். கறுத்துப் பழுத்த பழங்கள். ஒவ்வொன்றும் வாய் பிளந்திருந்தது. உள்ளே ஈ மொய்த்தது.

"மூணு நாள் மழை. பூராம் வெடிச்சுப்போச்சு. வியாபாரி நேத்து வந்தான், எட்டிப் பாத்தான், வண்டியத் திருப்பிட்டான். அந்தப் பக்கத்துப் பிஞ்சாச்சும் நிக்கணும். ஒரு ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்."

இல்லை ஐயா, நான் டீச்சர், போட்டோ எடுக்க வந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கண்ணை மூடிவிட்டார். கண்ணை மூடி நிற்கிற ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

ஜெபம் பண்ணினேன். அவர் காட்டிய பிஞ்சுப் பந்தலுக்குக் கீழே நின்று, இரண்டு கையையும் விரித்து, முதலில் தெரிந்த மந்திரங்களைச் சொன்னேன். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், "ஆண்டவரே, இந்தப் பிஞ்சுகளைக் காப்பாத்தும், இனி மழை வேண்டாம்" என்றேன். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. மழை என்று நினைத்தேன். கண் திறந்து பார்த்தால், என் தோளிலிருந்து இடுப்பு வரை நீலப்பச்சைக் கோடுகள்.

"ஐயையோ சிஸ்டர், காலைலதான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடிச்சேன். துணியில பட்டாப் போகாதே!"

அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து நீட்டினார். கன்னத்தில் ஈரம். அது மருந்து இல்லை. எனக்கு என்னை நினைத்தே கூசியது. அந்த மனிதருக்கு ஒரு வருடப் பாடு போயிருக்கிறது. நான் கவுனைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

காரில் ஏறியதும் என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சிஸ்டர், அடுத்து எங்க?" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் திரும்பிப்போயிருக்கலாம். கீழக்குயில்குடிக் குளத்தை இருட்டுவதற்குள் பார்த்திருக்கலாம்.

"ஒயின் பண்ற இடத்துக்கு" என்றேன்.

விசாரித்து விசாரித்து அங்கே போனோம். பெரிய இரும்புக் கதவு, அதில் சின்னதாக ஒரு ஜன்னல். காவலாளி எட்டிப் பார்த்தார்.

"சும்மா சுத்திப் பாக்கணும்" என்றேன். "கொஞ்சம்... ருசி பாக்கவும்."

"ருசி பாக்கவா? சிஸ்டர், நீங்களா?"

அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது: "கோயில் பூசைக்குத் திராட்சை ரசம் வேணும்."

அதுவரைக்கும் நான் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டவள். அந்த நொடியிலிருந்து பொய் சொன்னவள்.

"பூசைக்குன்னா பிஷப்போட ஆயர் இல்லத்துல லெட்டர் வாங்கிட்டு வரணும்ல? உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லி அவர் ஜன்னலைச் சாத்தினார்.

மணி ஒன்றாகியிருந்தது. தூறல். பிலோமினா மதினி ஒன்பதாவது முறையாக போன் செய்து, அப்பா காலையிலும் சாப்பிடவில்லை, மத்தியானமும் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும்தான் இறங்கியது என்றார். திரும்பிப் போகலாம் என்றார் என் கணவர். அப்போதுதான் சாலையோரம் அந்தக் கடையைப் பார்த்தேன். உள்ளே கம்பிவலை, வெளியே கூட்டம். ஒயின் ஷாப். பெயரிலேயே இருக்கிறதே!

"ஒரே ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துருங்க. போட்டோ எடுத்ததும் கீழ ஊத்திரலாம்."

அவர் காரை நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரெஜினா, பன்னெண்டு வருசமா நான் அந்தக் கம்பிக்கி முன்னாடி போய் நிக்கல. என்னய நிக்க வைக்காத."

இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த இடத்தில் எந்த மனைவியும் காரைத் திருப்பச் சொல்லியிருப்பாள். நான் கோபப்பட்டேன். "அஞ்சு வருசத்துல எனக்குன்னு ஒரு நாள். அதுல ஒரு போட்டோ. அதுக்குக்கூட நான் லாயக்கில்லையா?" என்று கத்திவிட்டு, மழைக்குப் பின்சீட்டில் கிடந்த அவருடைய வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நானே இறங்கினேன். (அதுவரை கன்னியாஸ்திரிக்கு முக்காடு ஒன்றுதான் குறைவாக இருந்தது.)

கூட்டம் என்னைப் பார்த்ததும் அமைதியானது. வகுப்பில் நான் நுழைந்தால்கூட அப்படி ஓர் அமைதி வராது. ஒருவர் பாட்டிலை வேட்டிக்குள் மறைத்தார். ஒருவர் "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார். "டேய், சிஸ்டருக்கு வழி விடுங்கடா" என்று ஒரு குரல். வழி விட்டார்கள். செங்கடல் பிளந்த மாதிரி நடுவே நடந்து போனேன். ஓரத்தில் நின்ற ஒருவர் சட்டென்று என் காலில் விழுந்து, "இன்னையோட விட்டுர்றேன் சிஸ்டர், எம் பொண்டாட்டி சொன்னாளா, அவதான் அனுப்புனாளா?" என்று அழ ஆரம்பித்தார்.

நான் அவரைத் தாண்டிப் போய்க் கம்பிவலைக்குள் தலையை நீட்டி, "ஒயின் இருக்கா?" என்றேன்.

உள்ளே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒயினா? அதெல்லாம் இங்க போகாதும்மா. பிராந்தி இருக்கு, ரம்மு இருக்கு, பீரு இருக்கு. எது வேணும்?"

என் பின்னால் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். காலில் விழுந்தவர் எழுந்துவிட்டார். "சிஸ்டரே வாங்குறாக, நமக்கு என்னப்பா" என்று வரிசையில் போய்ச் சேர்ந்தார். அவர் விடுவதாகச் சொன்ன குடி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. எவனோ போன் எடுத்து என்னைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். என் கணவர் இறங்கிப்போய்ப் பெட்டிக்கடையில் திராட்சைக் கலர் சோடா ஒன்று வாங்கிவந்தார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, ஒரு புளியமரத்தடியில் என்னை நிறுத்திப் போட்டோவும் எடுத்தார். அதில் டம்ளர் இருக்கிறது, நீலக்கறை இருக்கிறது, என் தலை இல்லை. அவர் எடுக்கிற எந்தப் போட்டோவிலும் யாருக்கும் தலை இருப்பதில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா அறைக்கு ஓடினேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். வாசல் வெளிச்சத்தில் வெள்ளைக் கவுனில் நின்ற என்னைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஐந்து வருடத்தில் நான் பார்த்திராத ஒரு சிரிப்பு அவர் முகம் முழுக்கப் பரவியது.

"ஆக்னஸ்! வந்துட்டியாத்தா!"

பிலோமினா மதினி, "ரெஜினா வந்துருக்குப்பா..." என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஆமாப்பா. வந்துட்டேன்."

அன்றைக்கு நாலாவது முறையாக வேறொருத்தியாக நின்றேன். அப்பா என் கையால் நாலு இட்லி சாப்பிட்டார். நான் ரெஜினாவாக ஊட்டியபோது ஒரு நாளும் இரண்டுக்கு மேல் இறங்கியதில்லை. சாப்பிட்டு முடித்து, நல்ல கையால் என் கன்னத்தைத் தொட்டார். ரகசியம் சொல்வதுபோல, "உங்கக்கா எங்க? அவளுக்கு எப்பவும் கோவம்" என்றார்.

இரவு ஆக்னஸிடம் போனில் சொன்னேன். "அப்பா என்னய மறக்கலேல்ல அக்கா!" என்று சந்தோஷத்தில் அழுதாள். பிறந்தநாள் வாழ்த்து சொல்ல மறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை எங்கள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அவர் நிஜமான சிஸ்டர். போனை என் பக்கம் திருப்பினார். கம்பிவலைக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறேன். என் கணவர் எடுத்த போட்டோவைவிட எவ்வளவோ தெளிவு, தலை இருந்தது.

"எந்த சபை சிஸ்டர்னு ஆயர் இல்லத்துல இருந்து கேக்குறாங்க டீச்சர். நான் என்ன சொல்ல?"

விளக்கக் கடிதம் எழுதினேன். கவுன், தொப்பி, பந்தல், மழை என்று நாலு பக்கம். எழுத எழுத எனக்கே நம்பிக்கை குறைந்தது. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய உதவித் தலைமையாசிரியைப் பொறுப்பு என்னைவிட ஆறு வருடம் இளையவருக்குப் போனது. யாரும் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஓய்வறையில் மட்டும் இன்றைக்கும் யாராவது திராட்சை கொண்டுவந்தால், முதல் பழத்தை என்னிடம் நீட்டி மந்திரிக்கச் சொல்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஆக்னஸ் வந்தாள். அப்பா அவளைக் கூப்பிட்ட கதையைக் கேட்ட பிறகு அவளால் அங்கே இருக்க முடியவில்லையாம். விடியற்காலையில் வந்து இறங்கினாள். பெட்டி வரவில்லை, வழியில் ஏதோ விமான நிலையத்தில் தங்கிவிட்டது. குளித்துவிட்டு என் நைட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கஞ்சிக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நான் ஊட்டுறேன்க்கா. இத்தன நாள் நீதான பாத்த."

அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கணவர் போனில் படம்பிடிக்கத் தயாராக நின்றார். பிலோமினா மதினி முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆக்னஸ் ஒரு கரண்டி எடுத்து, "அப்பா" என்றாள். அப்பா வாங்கினார். இரண்டாவது கரண்டியும் வாங்கினார். மூன்றாவது கரண்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சலிப்பாகச் சொன்னார்:

"போதும் ரெஜினா. உசுர எடுக்காத."

அப்பா அடுத்த தவக்காலத்தில் போய்விட்டார். அந்த வார்த்தை மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. விருந்துக்கு வருகிறவர்கள் இலைக்கு மேலே கையை நீட்டி, "போதும் ரெஜினா, உசுர எடுக்காத" என்பார்கள். முதல்முறை கேட்கிறவர்களுக்கு என் கணவர் கம்பத்திலிருந்து முழுக் கதையும் சொல்வார். ஒயின் ஷாப் வாசலில் தான் சொன்னதை மட்டும் சொல்லாமல் தாண்டிவிடுவார். போனில் ஆக்னஸ்கூட இப்போது சிரிக்கிறாள்.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, தான் போட்டிருந்த என் நைட்டியின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். என் கணவர் போனைக் கீழே இறக்கினார். முதலில் சிரித்தது நான்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கன்னியாஸ்திரி வேஷம், பூசைக்கென்று சொன்ன பொய், கணவரிடம் கத்தியது, இதையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் எப்போதோ சொல்லி முடித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை மட்டும் இன்னும் எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லை.